சாமித்துரையின் வீடு

என் ஊர் சாந்தன்பாறை. போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி, போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை வழியாக வந்தால் எங்கள் ஊர். ஒருபக்கம் ஏலக்காடு, மறுபக்கம் தேயிலை. 2022-ஆம் ஆண்டு கள்ளிப்பாறையில் குறிஞ்சி பூத்தபோது எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்து கண்டு களித்தார்கள். அவர்களுள் எத்தனை பேர் எங்கள் லயங்களைத் திரும்பிப் பார்த்தார்களோ!

விடுதியில் ‘லயம்’ என்று நான் சொன்னபோது, “சங்கீதமா?” என்று கேட்டாள் தோழி ஒருத்தி. சங்கீதமில்லை. ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குத்தான் அந்தப் பெயர். அப்படியோர் வீட்டில்தான் நான் பிறந்தேன், படித்தேன், இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கிருந்தே புறப்பட்டேன்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா காய் எடுத்துவிட்டு வந்து, இடுப்பைப் பிடித்தபடி திண்ணையில் சாய்ந்தாள். ஏலம் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், மண்ணை ஒட்டிக் காய்ப்பது. நாள்முழுதும் குந்தியும் குனிந்தும்தான் எடுக்கவேண்டும்.

“இன்னும் ஒரு வருசந்தான் தாயி. அப்புறம் வேலையும் இல்லை, வீடும் இல்லை” என்றாள்.

வேலை உள்ளவரைதான் லயம். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று விதித்தது. ஆனால் உழைத்து ஓய்ந்தபின் அவள் எங்கே போவாள்? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே நான் இங்குத் திரும்பினேன்.

அந்த நாட்களில்தான் ஜேம்ஸ் டெய்லர் என்பவருடைய வரலாற்றைப் படித்தேன். ஸ்காட்லாந்தில் ஆக்கன்பிளே என்னும் சிற்றூரின் அருகே 1835-இல் பிறந்தவர். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். பதினாறு வயதில், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கப்பலேறி, 1852-இல் இலங்கை வந்து சேர்ந்தார். கண்டி மலையில் லூல்கந்துரா தோட்டத்தில் காப்பி பயிரிட்டார். 1867-இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டுகளில் காப்பியை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது. நாளடைவில் தீவின் காப்பித் தோட்டங்களே அழிந்தன. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1873-இல் அவர் தோட்டத்துத் தேயிலை 23 இராத்தல் இலண்டனுக்குச் சென்றது.

நம் மலையிலும் அதே காலந்தான். பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றது 1877-இல், ஏ. எச். ஷார்ப் பார்வதித் தோட்டத்தில் தேயிலை நட்டது 1880-இல். அங்கும் இங்கும் காட்டை வெட்டியவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் பெரும்பாலும் தமிழர்களே.

டெய்லர் மணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த நாட்டுக்கும் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. 1874-இல் டார்ஜிலிங் சென்றதுதான் அவர் எடுத்த ஒரே விடுப்பு என்பர். அத்தகைய மனிதரை, நாற்பதாண்டு உழைப்புக்குப்பின், 1892-இல் நிர்வாகம் விலகச் சொன்னது. அவர் மறுத்தார். அவ்வாண்டு மே 2-ஆம் நாள் சீதபேதியால் லூல்கந்துராவிலேயே உயிர் நீத்தார். ‘சாமித்துரை’ என்று தாங்கள் அழைத்த அவரை இருபத்துநான்கு பேர் மாறிமாறிச் சுமந்து கண்டிக்குக் கொண்டுசென்றதாகச் சொல்வார்கள். அங்கே மகியாவைக் கல்லறையில் அவர் பெயர் பொறித்த கல் இன்றும் நிற்கிறது.

இதைத் தொலைபேசியில் அம்மாவுக்குச் சொன்னேன். துரைக்கே வீடு சொந்தமில்லை என்றால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருக்கும் என்று எண்ணினேன். அவள் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “பாவம், அந்த மனுசன். சரி தாயி, அவரைத் தூக்கிட்டுப் போன இருபத்துநாலு பேரும் அப்புறம் எங்கே போனாங்க?”

நண்பர்களே, நான் என்ன விடை சொல்வேன்? அந்த மலைகளில் உழைத்தவர்களின் வழிவந்தோரில் மிகப் பெரும்பாலோர் 1948-இல் வந்த சட்டத்தால் குடியுரிமை இழந்தார்கள். 1964-இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. துரைக்கு ஒரு கல்லாவது கிடைத்தது. சுமந்தவர்களின் பெயரோ ஏட்டிலும் இல்லை, கல்லிலும் இல்லை.

டெய்லரை நான் குறை கூறவில்லை. அவரும் உழைத்தார், தாம் வளர்த்த மண்ணை விட்டுப் போக மனமின்றியே மாண்டார். அந்த மனம் என் அம்மாவுக்கும் உண்டு. அவளுக்கு இல்லாதது பட்டா ஒன்றுதான்.

படித்து முடித்து வாங்கும் முதற் சம்பளத்திலிருந்தே சேமிக்கத் தொடங்குவேன். மலையிலோ, மலையடிவாரத்திலோ, மூன்று சென்ட் நிலம் போதும். பத்திரத்தில் என் பெயர் வேண்டாம். அம்மாவின் பெயர் இருக்கட்டும்.