போர்ட்டிக்சன் கரையில் ஒரு நினைவு

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைப் போர்ட்டிக்சனுக்கு அழைத்துப் போகிறீர்கள் அல்லவா? குளித்துக் கரையேறியதும் மலாக்கா நீரிணையைச் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பினாங்கைத் தளமாகக் கொண்டு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் நடமாடிய கடல் இது. ஆனால் நம் தோட்டத்து மக்களின் வாழ்வைத் தொட்ட கப்பல் இந்த நீரிணைக்குள் வரவேயில்லை. அதன் பெயர் யு-180.

பிரேமன் நகரில் கட்டப்பட்ட அதன் நீளம் சுமார் 87 மீட்டர். நம் பந்துத் திடலைவிடக் கொஞ்சம் குறைவு. வேகம் வேண்டுமென்று ஆறு டீசல் என்ஜின்களைப் பொருத்தினார்கள். அவையோ சூடேறித் தொல்லை கொடுத்தன. ரப்பர் ஷீட் காயும் ஸ்டோரைப்போலப் புகை கக்கின. ஒளிந்து போகவேண்டிய கப்பலுக்குப் புகையே பகை! பின்னர் அவற்றைக் கழற்றிவிட்டுச் சரக்குக் கப்பலாக்கினார்கள்.

1943 பிப்ரவரி 9ஆம் நாள், கீல் துறைமுகத்தில் இக்கப்பலில் ஏறியவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். உடன் சென்றவர் ஆபித் ஹசன். டீசல் நாற்றத்திலும் நெருக்கடியிலும் இரண்டரை மாதம் கழிந்தது. ஏப்ரல் இறுதியில், மடகாஸ்கர் அருகே கொந்தளிக்கும் கடலில், ரப்பர் படகில் இருவரும் ஜப்பானிய ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினர். பினாங்கிலிருந்து வந்திருந்த அக்கப்பல் மே மாதம் அவர்களைச் சுமத்ராவின் சாபாங்கில் இறக்கியது. ஜூலை 4ஆம் நாள் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர சங்கத்தின் தலைமையை நேதாஜி ஏற்றார்.

அப்போது நம் தோட்டங்களின் நிலை என்ன? பால்வெட்டு நின்று, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அந்த இருட்டில்தான் நேதாஜியின் குரல் கேட்டது. இளைஞர் படையில் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சிராணிப் படைக்குச் சென்றனர். தாய்மார் தாலிக்கொடியையும் கழற்றித் தந்தனர்.

ஐ-29 1944 ஜூலையில் அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்த மாதமே யு-180 பிஸ்கே விரிகுடாவில் காணாமற்போயிற்று. அதிலிருந்த 56 பேரும் மாண்டனர்.

கப்பல்களின் கதையைக் கடற்படைகள் எழுதி வைத்திருக்கின்றன. தாலியைத் தந்த தாயின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? உங்கள் பாட்டி சொன்னது நினைவிருந்தால், இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.