கோட்டை பைரவரும் சில்லறை பேட்டரியும்!

திருச்சியிலிருந்து காரைக்குடி போகிறவர்கள் புதுக்கோட்டை தாண்டியதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். செம்மண், பொட்டல், கண்மாய் என்று வந்துகொண்டிருக்கும் சாலையில் சட்டென்று ஒரு பாறைக் குன்று. அதன் தலையில் கிரீடம் மாதிரி திருமயம் கோட்டை. ராமநாதபுரம் சேதுபதிகள் கட்டியது. குன்றின் சரிவில் சத்தியமூர்த்திப் பெருமாள், பக்கத்திலேயே சத்தியகிரீஸ்வரர். சைவமும் வைணவமும் ஒரே பாறையில் குடித்தனம். தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்த ஊரும் இதுதான்.

ஆனால், வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் திருமயம் என்றால் கோட்டை பைரவர்தான். கோட்டைச் சுவரை ஒட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். லாரியோ, பஸ்ஸோ, காரோ... ஒரு நிமிஷம் நின்று, 'வழித்துணைக்கு வாப்பா' என்று கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பும்.

எங்கள் மாமாவின் எலெக்ட்ரிக் காரும் நின்றது. கும்பிட்டோம். கிளம்பவில்லை!

மாமா பையனுக்குக் காரைக்குடியில் கல்யாணம். மாப்பிள்ளை முதல் நாளே போயாச்சு. தாலி, கூறைப்புடவை சகிதம் நாங்கள் விடிகாலையில் புறப்பட்டோம். முகூர்த்தம் 9 முதல் 10.30. திருமயத்தில் மணி ஏழேகால். விபூதியும் கையுமாக வந்த மாமா, சாவிப் பட்டனை அழுத்துகிறார்... அழுத்துகிறார்... கார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பட்டன் சாவிக்குள்ளே ஒளிந்திருந்த குட்டி இரும்புச் சாவியால் டிரைவர் கதவைத் திறந்துவிட்டோம். டிக்கி? அது கரன்ட்டில் மட்டுமே திறக்கிற டிக்கி. தாலி அதற்குள்!

''வர்றப்ப எழுபது பர்சன்ட் சார்ஜ் காட்டிச்சே!'' - இது மாமா.

''பர்சன்ட் கெடக்கட்டும். மொதல்ல தாலியை எடுங்க!'' - இது அத்தை.

பைரவரைக் கும்பிட வந்த லாரி டிரைவர் ஒருவர், ''என் பேட்டரியில வயர் போட்டுப் பாப்பமா?'' என்று இறங்கிவிட்டார். நல்லவேளை, டீக்கடைக்காரர் போன் போட்டு வரவழைத்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பாய் அந்த நேரம் வந்து சேர்ந்தார்.

''அண்ணே, வேணாம். உங்க லாரி 24 வோல்ட். இது 12. குடுத்தா உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் புகைஞ்சிடும்!''

''எலெக்ட்ரிக் கார்ல ஏது பாய், 12 வோல்ட்?'' என்றார் மாமா.

பாய் சிரித்தபடி பானெட்டைத் திறந்து காட்டினார். சாதா கார்களில் இருக்குமே, அதே கறுப்பு பேட்டரி. அளவில் கொஞ்சம் சின்னது. மீட்டர் வைத்தார். ஒன்பது சொச்சம். நல்ல பேட்டரி என்றால் பன்னிரண்டரை காட்டணுமாம்.

பி.காம். படித்த எனக்கு, பாய் சொன்னது இப்படித்தான் புரிந்தது. காருக்கு அடியில் இருக்கிற பெரிய பேட்டரி, பேங்க்கில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட். பெரும்பாலான கார்களில் அது 300, 400 வோல்ட் ரகம். சக்கரத்தைச் சுற்றுவதும் ஏ.ஸி. ஓட்டுவதும் அது. ஆனால் ஹாரன், வைப்பர், விளக்கு, கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர்கள்... இந்தச் சில்லறைச் செலவுக்கெல்லாம் 12 வோல்ட் கல்லாப்பெட்டிதான்.

பெட்ரோல் காரில் இந்தக் கல்லாவை நிரப்புவது, என்ஜின் பெல்ட்டில் சுற்றுகிற ஆல்டர்னேட்டர். இதில் என்ஜினே கிடையாதே? அதனால் 'டி.ஸி.-டி.ஸி. கன்வெர்ட்டர்' என்று ஒரு பெட்டி. பெரிய நோட்டுக்குச் சில்லறை கொடுக்கிற கேஷியர்! பெரிய பேட்டரியின் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, மறுபடி நேராக்கி, 14 வோல்ட் சுமாருக்குக் கொடுக்கிறது. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அந்தப் பக்கத்து 400 வோல்ட்டுக்கும் இந்தப் பக்கத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. காரின் உடம்பைத் தொடுகிற நமக்கு அதுதான் காவல்.

சரி, எழுபது பர்சன்ட் இருந்தும் கார் ஏன் செத்தது? காரை ஆஃப் செய்ததும், பாதுகாப்புக்காகப் பெரிய பேட்டரியை மொத்தமாகத் துண்டித்துவிடுகிறார்கள். மறுபடி இணைக்கிற தடிமனான ஸ்விட்ச்சுகளை இழுக்க 12 வோல்ட் வேண்டும். அதாவது, லாக்கரில் லட்ச லட்சமாய்ப் பணம். லாக்கர் சாவியோ கல்லாப்பெட்டியில். கல்லாவில் உயிர் இல்லையென்றால் வெளியிலிருந்து சார்ஜ்கூட ஏற்ற முடியாது!

ஓடும்போது கேஷியர் நேராகச் சில்லறை தந்துகொண்டிருந்ததால் பேட்டரியின் லட்சணம் தெரியவில்லை. வண்டியை நிறுத்தியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. பெட்ரோல் கார் என்றால் 'ர்ர்... ர்ர்...' என்று முனகி முன்கூட்டியே எச்சரிக்கும். எலெக்ட்ரிக்கில் ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, முனகலும் இல்லை. ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துவிடும். வெயிலில் ஈய பேட்டரிக்கு ஆயுசு குறைவு. மாமா காருக்கு மூன்று கோடை ஆகியிருந்தது.

காய்கறி ஏற்றி வந்த டாடா ஏஸ் ஒன்றை பாய் கைகாட்டி நிறுத்தினார். அது 12 வோல்ட். வயர் போட்டார். ஸ்டார்ட்டர் இல்லாத வண்டி என்பதால் கொஞ்சம் கரன்ட்டே போதுமாம். மாமா பட்டனை அழுத்த, அடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். விளக்குகள் எரிந்தன. மீட்டர் 14 காட்டியது. டிக்கி திறந்தது. அத்தை தாலியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம்தான் முகத்தில் ரத்தமே வந்தது.

''ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. புதுசு மாத்துற வரைக்கும் ஆஃப் பண்ணாதீங்க!'' என்றார் பாய்.

மாமா ஆஃப் செய்யவில்லை. மண்டப வாசலில், ஓடுகிற காருக்குள் ஏ.ஸி. போட்டுக்கொண்டு சித்தப்பா ஒருவர் காவல் இருந்தார். கெட்டிமேளத்தை அவர் கேட்டதோடு சரி, பார்க்கவில்லை. பந்திக்கு மட்டும் ஆள் மாற்றினோம்.

மறுநாள் புது பேட்டரி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினோம். காரைக்குடி என்றால் செட்டிநாட்டு வீடுகள் மட்டுமா? இந்தியாவின் மின்வேதியியல் ஆய்வுக்கூடமான 'சிக்ரி' இங்கேதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பேட்டரி ஆராய்ச்சி இவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. ஈய பேட்டரியை பிரான்ஸின் பிளாண்ட்டே கண்டுபிடித்தது 1859-ல். அந்தத் தாத்தாவின் தயவில்தான் இன்றைய நவீன கார்கள் பலவும் கண் விழிக்கின்றன.

எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். இரும்புச் சாவி எங்கே ஒளிந்திருக்கிறது, கதவை உள்ளேயிருந்து கையால் திறக்கும் நெம்புகோல் எது என்று பார்த்து, வீட்டுக் குழந்தைகளுக்கும் காட்டிவையுங்கள். சர்வீஸ் விடும்போது, 'சின்ன பேட்டரியையும் செக் பண்ணுங்க' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தாலியை டிக்கியில் வைக்காதீர்கள்!