சிடிசியில் நிரம்பும் பை

ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எங்களுக்குச் செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டர்தான் தாய்வீடு. எல்லோருக்கும் அது சிடிசி. மதர்போர்டு முதல் ஒற்றைத் திருகாணி வரை அங்கே கிடைக்கும். ஆனால் பழுது கச்சிபௌலியில் இருக்கும். சிடிசியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மறந்த பொருளுக்காக மாலை நெரிசலில் திரும்பினால் அன்றைய வேலை அவ்வளவுதான். அதனால் கருவிப் பையைச் சிடிசியிலேயே சரியாக நிரப்பிக்கொள்ள வேண்டும்.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் முதலில் வாங்குவது ஐம்பது முனை கொண்ட ஸ்க்ரூடிரைவர் செட். காந்தமுள்ள ஸ்டார் முனை ஒன்று, லேப்டாப்புக்குச் சின்ன முனைகள் இரண்டு மூன்று, அவ்வளவு போதும். மிச்சப் பணத்தை நன்றாக ஓடுகிற உதிரிகளில் போடச் சொல்வேன்: எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி, டிடிஆர்3, டிடிஆர்4 ராம், சிறிய ஸ்விட்ச், பூட் ஆகும் பென்டிரைவ், சிஆர்2032 பேட்டரி. கம்ப்யூட்டருக்கு உயிரே வரவில்லை என்றால் ஊகம் எதற்கு? நம் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். (டெல், ஹெச்பி பெட்டிகள் சிலவற்றில் 24 பின் இணைப்பு பொருந்தாது, அதற்கான மாற்றுக் கேபிளும் வேண்டும்.) தேதி தினமும் பழையபடி மாறுகிறதா? பெரும்பாலும் அந்த 3 வோல்ட் பேட்டரிதான் காரணம். வாடிக்கையாளருக்கு மதர்போர்டுச் செலவு மிச்சம்.

நெட்வொர்க் பழுதுதான் ஆளைச் சோதிக்கும். கிரிம்பிங் டூல், ஆர்ஜே45 கனெக்டர், லேன் டெஸ்டர் மூன்றும் எல்லாப் பைகளிலும் உண்டு. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றன, நெட் மட்டும் விட்டு விட்டு வருகிறது என்றால் கனெக்டரின் நிறங்களைப் பாருங்கள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்பதே நம் ஊரில் பெரிதும் புழங்கும் டி568பி வரிசை. பச்சை ஜோடி 3, 6 என்று பிரிந்து உட்கார வேண்டும். பலர் அதை 3, 4 என்று பக்கத்தில் பக்கத்தில் செருகிவிடுவார்கள். இரு முனையிலும் அதே வரிசை என்பதால் மலிவான டெஸ்டர் குறை சொல்லாது. ஆனால் முறுக்கிய ஜோடி குலைந்து ஒரு கம்பியின் சிக்னல் மற்றதில் கலக்கும். கேபிள் நீளமாக இருந்தால் தொல்லை அதிகம். இதைக் கண்டுபிடிக்க டார்ச்சும் பூதக்கண்ணாடியும் போதும். அவை இல்லாத பையை நான் முழுமையான பை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செம்பு பூசிய அலுமினியக் கேபிளைச் சிடிசியில் விலை பார்த்து வாங்காதீர்கள். வளைத்தால் முறியும், மின்தடையும் கூடுதல். அதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரமும் போனால் சூடாகும். முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ஒரு காலி ஹார்ட் டிஸ்க். அமீர்பேட்டை கிளினிக்கோ பேகம் பஜார் மொத்தக் கடையோ, அவர்களின் பல வருடப் பதிவுகளும் டாலிக் கணக்கும் பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கும். விண்டோஸை மாற்றிப் போடச் சொன்னால் அவர்கள் கேட்காவிட்டாலும் முதலில் நகல் எடுங்கள். அதைத் திறந்து காட்டிய பிறகே ஃபார்மட் செய்யுங்கள்.