உருகுவதற்குள் ஒரு படம்

அமெரிக்காவின் பர்லிங்டன் நகரிலிருந்து 15ஆம் எண் சாலையில் கிழக்கே போனால் ஜெரிக்கோ. பிரவுன்ஸ் ஆற்றங்கரையில் செக்கச்செவேலென்று ஒரு பழைய மாவு மில். வெர்மான்ட் மாநிலத்தின் இந்தச் சின்ன ஊரைத் தேடி ஆட்கள் வருவது மில்லுக்காக மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பனித்துகள் படங்களுக்காகவும்தான். எடுத்தவர் இதே ஊர் விவசாயி, வில்சன் பென்ட்லி.

1865இல் பிறந்தவர். ஆசிரியையாக இருந்த அம்மா கொடுத்த பழைய மைக்ராஸ்கோப்பில் 15 வயதில் பனித்துகளைப் பார்த்தார். அதன்பின் வேறு நினைப்பே இல்லை. முதலில் வரைந்து பார்த்தார். பாதி வரைவதற்குள் துகள் உருகிவிடும். மைக்ராஸ்கோப்போடு பொருத்தும் கேமரா வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். விலை 100 டாலர். அப்பாவுக்குக் கடைசிவரை இது வெட்டிவேலைதான். ஆனாலும் வாங்கிக் கொடுத்தார்.

கேமரா வந்ததும் படம் வந்துவிடவில்லை. மங்கல், மறுபடியும் மங்கல். 1885 ஜனவரி 15 அன்றுதான் தேறியது. அப்போது வயது 19.

சூடேற்றாத கொட்டகைதான் ஸ்டுடியோ. கறுப்புப் பலகையை வெளியே நீட்டி, விழும் துகள்களைப் பிடிப்பார். பூதக்கண்ணாடியில் பார்த்து, நல்லதை மெல்லிய குச்சியால் தொட்டெடுத்துக் கண்ணாடி வில்லைக்கு மாற்றி, வான்கோழி இறகால் நீவிப் படியவைப்பார். மூச்சை அடக்கிக்கொண்டுதான் எல்லாம். மூச்சுக்காற்று பட்டால் போச்சு.

பின்னணி கறுப்பாகத் தெரிய, நெகட்டிவ் நகலில் துகளைச் சுற்றியுள்ள பூச்சைப் பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்தார். ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹெல்மான் இதைக் கடுமையாகச் சாடினார். சாடியதில் நியாயம் இல்லாமலில்லை. பென்ட்லி சமச்சீரான அழகிகளையே தேடித்தேடி எடுத்தவர். ஆனால் துகளின் கோடுகளில் அவர் கை வைக்கவில்லை, சுற்றியிருந்ததைத்தான் நீக்கினார். என் ஓட்டு பென்ட்லிக்கு.

பால் கறக்கும் வேலைக்கு நடுவே 46 குளிர்காலங்கள், 5,000க்கு மேற்பட்ட துகள்கள். ஊரார் கிறுக்கு என்றார்கள். படம் பதிந்த கண்ணாடித் தகடுகளை ஒன்று 5 சென்ட் வீதம் விற்றார். போட்டது 15,000 டாலர், வந்தது 4,000கூட இல்லை என்று அவரே ஒருமுறை கணக்குச் சொல்லியிருக்கிறார். முதல் ஆராய்ச்சி உதவித்தொகை 1924இல்தான் வந்தது: அமெரிக்க வானிலைச் சங்கத்திடமிருந்து, 25 டாலர்!

2,400க்கும் அதிகமான படங்களோடு ‘ஸ்னோ கிரிஸ்டல்ஸ்’ புத்தகம் 1931 நவம்பரில் வெளியானது. அடுத்த மாதமே, பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியவர் நிமோனியாவில் இறந்துபோனார்.

அவருடைய படங்களின் பெரிய தொகுப்பு நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.