ஓடாத கோப்பு

போன ஆடி மாதம் ஒரு விடியற்காலை, எங்கள் வீட்டு எதிரே பூக்காரம்மாவை ஒரு பைக் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். "வயசான அம்மா, இருட்டுல தடுக்கி விழுந்திருக்கும்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பார்த்த ஆள் யாருமில்லை. எங்கள் வாசல் கேமரா மட்டும் பார்த்திருந்தது.

டிவிஆரில் ஓட்டிப் பார்த்தேன். பைக் வந்ததும் இடித்ததும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பகுதியைப் பென்டிரைவில் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தேன். அங்கே கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. "ஓடுற மாதிரி கொண்டாங்க சார்" என்றார்கள்.

கோப்பின் பெயர் 'டிஏவி' என்று முடிந்தது. பேரன் அதை 'எம்பி4' என்று மாற்றிப் பார்த்தான். ஓடவில்லை. ஃபைல் அட்டையில் வேறு பெயர் ஒட்டினால் உள்ளே இருக்கும் காகிதம் மாறுமா? "இது வேஸ்ட் தாத்தா, அழிச்சிட்டு வேற எடுக்கலாம்" என்றான். என் ஆபீஸ் புத்தி, எதையும் கிழித்துப் போடாது. வைத்துக்கொண்டேன். அதற்குள் எட்டு நாள் ஓடிவிட்டது. டிஸ்க் நிரம்பினால் டிவிஆர் பழையதை அழித்து அதன் மேலேயே பதியும். திரும்ப எடுக்கப் போனபோது அந்த நாளே இல்லை! டிவித் திரையைச் செல்போனிலாவது படம் பிடித்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

கடைசியில் கைகொடுத்தது விஎல்சி. பாரீஸ் எகோல் சாந்த்ரால் மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலை அது. இலவசம். மெனுவைப் பிரெஞ்சுக்கு மாற்றிக்கொண்டேன். பள்ளியில் படித்த மொழி, எனக்கு இன்றும் அதுதான் சுலபம். டிஏவி கோப்பின் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண எச்.264 படம்தான், உறைதான் கம்பெனியின் சொந்த உறை. செட்டிங்கில் 'டீமக்ஸர்' என்ற இடத்தில் எச்.264 என்று தேர்ந்தெடுத்ததும் படம் வந்தது. பழைய ஊமைப் படம் போல வேகமாக ஓடினாலும், பைக்கின் எண் தெரிந்தது. (வேலை முடிந்ததும் அந்த செட்டிங்கைப் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் மற்ற வீடியோக்கள் ஓடாது.)

இன்னொரு சிக்கல். படத்தின் மூலையில் நேரம் 5.10. பூக்காரம்மாவோ ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பு என்றார். டிவிஆர் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தால் 42 நிமிடம் பின்தங்கியிருந்தது. அதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மூலக் கோப்போடு கொடுத்தேன். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி இதற்குச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

வாசலில் கேமரா வைத்திருக்கும் நண்பர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன். ஏதாவது நடந்தால் அன்றைக்கே நகல் எடுங்கள். வேறு ஒரு கம்ப்யூட்டரில் அது ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

பைக்காரர் கிடைத்துவிட்டார். வழக்கு நடக்கிறது. பூக்காரம்மா இப்போது கோலூன்றி வருகிறார். தானாக விழுந்தார் என்று இப்போது தெருவில் யாரும் சொல்வதில்லை.