தரைத்தளம் யாருக்கு?

அப்பா கட்டிய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தவர்கள் எல்லோரும் அழுததாகத்தான் சொல்வார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சொன்னால் உறவில் பலருக்கு மனவருத்தம், ஆனாலும் அதுதான் உண்மை. சென்னைப் புறநகரான குரோம்பேட்டையில் எழுபதுகளில் அப்பா கட்டிய அந்த வீட்டுக்குத் தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போவோம். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டினார்கள். ஒவ்வொரு படியாகத் தெருவுக்குள் போனது. கடைசியில் தெருவிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகும் நிலை. ஐப்பசி பிறந்தால் அம்மா அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிடுவாள். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் கண்டிப்பாக உத்தரவிட்டார். எங்கள் வாசற்படிகள் அதற்குள் போய்விட்டிருந்தன.

அப்பா போன பிறகு பில்டர்கள் வர ஆரம்பித்தார்கள். 2019-ல் வந்த கட்டட விதிகள், மனைப்பரப்பில் ஒன்றரை மடங்காக இருந்த கட்டட அளவை இரண்டு மடங்காக்கின. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் தனி வீடு என்றாலே பில்டர் கண்ணுக்குக் காலி மனைதான். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், சிட்லபாக்கம் எல்லாவற்றையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி வந்தது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் திறந்தார்கள். கேட்ட விலை ஒவ்வொரு தடவையும் ஏறியது.

எங்களுடையது ஒன்றரை கிரவுண்ட், அதாவது 3,600 சதுர அடி. அதில் 7,200 சதுர அடிவரை கட்டலாம். ஃபிஃப்டி ஃபிஃப்டி ஜாயின்ட் வென்ச்சர் என்று பேசி முடித்தோம். மூன்று மாடி, ஆறு வீடுகள், பாதி எங்களுக்கு. எனக்கும் தம்பிக்கும் முழு மூச்சாகப் பேச்சு மேலே இருந்த சதுர அடிகளைப் பற்றித்தான். எந்த மாடி, எந்தத் திசை, பால்கனியைக் கணக்கில் சேர்ப்பார்களா, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கான யு.டி.எஸ். எவ்வளவு வரும் என்று மாடி மாடியாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். பில்டர் பிளானைச் சாப்பாட்டு மேசையில் விரித்த அன்று, மேலே இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி ஓரமாக வைத்துவிட்டு, அடியில் கிடந்த தரைத்தளத் தாளை இழுத்தாள். தெருவைப் பார்த்து வரிசையாக நான்கு கடைகள். பின்னால் நெருக்கியடித்து கார் பார்க்கிங். கிணறு இருந்த இடத்தில் ஒரு தூண். அதன் மேல் விரலை வைத்து, "கிணறு எங்க தம்பி?" என்று பில்டரிடம் கேட்டாள். "மூடிடலாம்மா, போர் போட்டுத் தரேன்" என்றார் அவர். "கிணத்தை மூடினா கையெழுத்து கிடையாது" என்றாள் அம்மா. அப்போதுதான் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பில்டர் நான்கு கடை கேட்டதற்குக் காரணம் எளிது. தெருமுகக் கடை சதுர அடிக்கு வீட்டைவிட அதிகம் போகும். தம்பிக்கு ஒரு கடைகூட வேண்டாம். கீழே முழுக்கத் தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங்காக விட்டால் சத்தம் இருக்காது, கட்டட அளவிலும் அது சேராது, அந்த அளவு முழுவதையும் மேலே வீடாகவே கட்டிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. தண்ணீருக்கும் அதுதான் நல்லது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரில் தரைத்தள வீடுகளை மூழ்கடித்ததைப் பார்த்தவர்கள் யாரும் கீழே குடியிருக்கச் சம்மதிப்பதில்லை. நானும் தம்பி பக்கம்தான் நின்றேன். டீக்கடையும் பைக் கூட்டமும் வாசலில் நிற்கும் என்ற பயம்.

அம்மா கேட்டது இரண்டு கடை. "கீழ ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் மேல நான் தனியா இருக்க முடியும். வெறும் காருக்கும் கம்பிக் கதவுக்கும் மேல என்னை உட்கார வெக்காதீங்க." வயதான ஒருத்தி பகல் முழுவதும் எப்படி இருப்பாள் என்பதை அந்தத் தாளைப் பார்த்து யோசித்தவள் அவள் ஒருத்திதான். இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வாக்கியத்திலிருந்துதான். மேலே எத்தனை சதுர அடி வாங்கினாலும், அங்கே வாழ முடியுமா என்பதைத் தரைத்தளம்தான் தீர்மானிக்கிறது.

இரண்டு கடை என்றே முடிவானது. அதன் பிறகு ஒப்பந்தத்தைத் தரைத்தளத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு தேவையில்லை. எங்கள் ஒன்றரை கிரவுண்ட் 335 சதுர மீட்டர்கூட வராது. புறநகர்த் தெருக்களில் எழும்பும் பல கட்டடங்களின் நிலையும் இதுதான். ஆகவே காகிதத்தில் எழுதாதது எதுவும் நமக்கு இல்லை. கார் நிறுத்தும் இடத்தைத் தனியாக விலை போட்டு விற்கப்போவதாக பில்டர் ஒரு வரி சேர்த்திருந்தார். ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், அதைத் தனியே விற்கும் உரிமை பில்டருக்கு இல்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் மும்பை வழக்கொன்றில் தீர்ப்பளித்ததை எங்கள் வக்கீல் எடுத்துக் காட்டினார். அந்த வரி போனது. கடைகளில் சமையல் கூடாது, லேத் கூடாது, ஷட்டருக்கு வெளியே சரக்கு வைக்கக் கூடாது, கடைக்குத் தனி மீட்டர், மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்று சேர்த்தோம். தரைமட்டம் தெருவைவிட மூன்றடி உயரம், கடைக்கு ஏறும் படியும் சாய்தளமும் நம் மனைக்குள்ளேயே. இந்தக் கடைசி வரிக்குத்தான் பில்டர் அதிகம் முரண்டு பிடித்தார், ஏனென்றால் கடையின் அளவு குறையும். பிடிவாதமாக நின்றோம். தெருவுக்கு நீட்டிக் கட்டிய சாய்தளங்களால்தான் எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய் பாதி இடங்களில் அடைபட்டுக் கிடக்கிறது.

கிணற்றுக்காகத் தூணை நகர்த்த வேண்டியிருந்தது. இன்ஜினியர் தலையைச் சொறிந்தார், பிறகு நகர்த்தினார். எங்கள் பகுதி நிலத்தடி நீரைத் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்து வெகு காலமாகிறது. குடிக்க கேன் தண்ணீர்தான். ஆனாலும் மொட்டை மாடிக் குழாய்கள் எல்லாம் வடிகட்டித் தொட்டி வழியாக அந்த உறைக்கிணற்றில் வந்து சேர்கின்றன. 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல கட்டடங்களில் அது அதிகாரி வந்து பார்ப்பதற்காகப் புதைத்த ஒரு குழாயாகவே நின்றுவிடுகிறது. எங்கள் கிணற்றில் நல்ல மழைக்குப் பிறகு மேலிருந்து மூன்றாவது உறைவரை தண்ணீர் நிற்கிறது. மூடியைத் திறந்து பார்ப்பது அம்மாவின் வேலை.

இப்போது கீழே ஒரு மெடிக்கல் ஷாப், ஒரு தையல் கடை. எங்கள் பங்குக் கடையின் வாடகை அம்மா பெயருக்கு வருகிறது. அவள் கையில் சொந்தமாக மாத வருமானம் இருப்பது இதுதான் முதல் முறை. தையல்காரப் பெண் மதியச் சாப்பாட்டுக்கு மேலே வருவாள், அம்மாவின் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவாள். தெருவில் புதிதாக வந்த மற்ற கட்டடங்கள் முழுக்க ஸ்டில்ட். இரவு எட்டு மணிக்கு அந்தக் கம்பிக் கதவுகளைக் கடந்து நடந்தால் வாட்ச்மேனின் செல்போன் வெளிச்சம் மட்டும் தெரியும். புறநகரில் வீடுகள் நெருக்கமாக வருவதை நான் எதிர்ப்பவன் இல்லை. ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஆறு குடும்பம் வாழட்டும். ஆனால் தெருவைப் பார்க்கிற முகம் முழுவதையும் காருக்குக் கொடுத்துவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் கட்டடம் அந்தத் தெருவுக்கு எதுவும் தருவதில்லை.

தொல்லை இல்லாமலும் இல்லை. மெடிக்கல் ஷாப்புக்கு வருகிறவர்கள் வண்டியை எங்கள் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்துகிறார்கள். பராமரிப்புக் கட்டணத்தில் கடைகளின் பங்கு என்ன என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாக்குவாதம். லிஃப்டைக் கடைக்காரர்கள் பயன்படுத்துவதில்லை, மோட்டாரைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை. பில்டர் பங்குக் கடையை வாங்கியவர் அதை ஏ.டி.எம்.முக்கு விடலாமா என்று கேட்கிறார், வாடகை கூடுதலாம். அப்படியானால் தையல் கடை போக வேண்டும். கடையின் உள்ளே எந்தத் தொழில் வரக்கூடாது என்று எழுதிய நாங்கள், ஆளில்லாத இயந்திரம் வரக்கூடாது என்று எழுதவில்லை. தையல் கடையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு வீட்டுக்காரர்களும் மாதம் கொஞ்சம் போட்டு வாடகை வித்தியாசத்தைக் கொடுக்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். இதுவரை மூன்று வீட்டில் சரி என்றிருக்கிறார்கள்.