புனிதர் பேழையில் பிறந்த காசு!

ஜெர்மனியின் வடமேற்கில் இருக்கிற பாடர்போர்ன், நடந்தே சுத்திப் பார்த்துடலாம்கிற மாதிரி ஊர். கதீட்ரலுக்குக் கீழே திரும்பின பக்கமெல்லாம் நீரூற்று. கிட்டத்தட்ட 200 ஊற்றுகள் சேர்ந்து 'பாடர்' நதியா ஓடுது. நதின்னதும் பெருசா நினைக்காதீங்க... மொத்த நீளமே 4 கிலோமீட்டர்தான்!

ஆனா, இந்த ஊரோட செம கதை ஒரு வெள்ளிக் காசுக்குள்ளே இருக்கு.

அந்தக் காலத்து ஜெர்மன் பூமியில பிஷப்புன்னா பூசை வைக்கிறவர் மட்டும் இல்லை. வரி, படை, நாணயச்சாலைன்னு எல்லாம் வெச்சிருந்த குட்டி ராஜா. பாடர்போர்ன் அப்படி ஒரு பிஷப் ராஜ்ஜியம். கிழக்கே ஹால்பர்ஷ்டாட் இன்னொண்ணு. 1616-ல அந்த ஹால்பர்ஷ்டாட்டை நிர்வகிக்க வந்தவர் கிறிஸ்டியன்கிற புராட்டஸ்டன்ட் இளவரசர். வயசு இருபதுகூட ஆகலை!

1618-ல முப்பதாண்டுப் போர் வெடிச்சது. கிறிஸ்டியனும் கூலிப்படை திரட்டிக்கிட்டு இறங்கிட்டார். படைக்குச் சம்பளம் கொடுக்கணுமே? 1622 தொடக்கத்துல கத்தோலிக்க பாடர்போர்னுக்குள்ளே புகுந்தார். கதீட்ரல்ல புனித லிபோரியஸோட எலும்புகள் இருந்தன. 836-ல பிரான்ஸின் லெ மான் நகரத்துல இருந்து கொண்டுவந்தவை. அதையும், அதை வெச்சிருந்த வெள்ளிப் பேழையையும் அள்ளிக்கிட்டுப் போனார். பேழையை உருக்கி 'தாலர்' காசா அடிச்சுட்டார். (இன்னிக்கு நாம சொல்ற 'டாலர்' பேரே தாலர்ல இருந்து வந்ததுதான்.)

காசுல என்ன எழுதினார் தெரியுமா? 'கடவுளின் நண்பன், பாதிரிகளின் பகைவன்!' ஒரு பிஷப் ராஜ்ஜியத்தை ஆண்டுகிட்டே இப்படி அடிக்கிறதுக்கு என்ன தில்லு பாருங்க!

சம்பளம் வாங்கின சிப்பாய்க்கு அது சோறு. ஊர் ஜனங்களுக்கோ, அவங்க புனிதரோட வீடு.

அதே வருஷம் ஃப்ளூரூஸ் சண்டையில அடிபட்டு கிறிஸ்டியனுக்கு ஒரு கை போச்சு. 1626-ல, 26 வயசுல ஆளே போயிட்டார். 1627-ல எலும்புகள் பாடர்போர்னுக்குத் திரும்பின. ஹான்ஸ் கிராகோங்கிற பொற்கொல்லர், தங்க முலாம் பூசின புது வெள்ளிப் பேழை செஞ்சார். பழைய வெள்ளி மட்டும் வரவே இல்லை. அது அப்பவே சந்தை, சத்திரம்னு கைமாறிப் போயிருச்சு.

போறதா இருந்தா ஜூலை கடைசியில போங்க. 'லிபோரி' திருவிழா ஒன்பது நாள் நடக்கும். முன்னால மயில் தோகை, பின்னால கிராகோவோட பேழைன்னு ஊர்வலம். அந்தப் பக்கம் ராட்டினம், தீனிக்கடைன்னு கலகலக்கும். எங்கேயாவது நாணயக் கண்காட்சியில 1622-ம் வருஷ 'பாதிரிப் பகைவன்' தாலரைப் பார்த்தா, ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. ஊர்வலத்துல காணாமப் போன பேழை அதுக்குள்ளேதான் இருக்கு!